சாராதாயிக்கு வந்த மூன்றாவது கடிதம்

சாராதாயி எங்கள் தெருவுக்கு வந்த அன்று யாரும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. பதினோரு கதவுகளைத் தட்டினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1939 செப்டம்பர். பம்பாய்ப் பக்கத்துக் கடற்கரை யூதர்களான எங்கள் பெனே இஸ்ராயேல் மக்களின் கதவடைப்பு நாள் அது; எல்லா ஊர் யூதரும் நோன்பிருக்கும் நாள். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் குளித்து, வெள்ளை உடுத்தி, கதவைச் சாத்திவிடுவோம். மறுநாள் நட்சத்திரம் தெரியும் வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெளியாரோடு ஒரு சொல்லும் இல்லை. தள்வாடியில் இது எல்லாருக்கும் தெரியும். கோலிப் பெண்கள் அன்று மீன் கூடையோடு எங்கள் தெருப் பக்கமே வரமாட்டார்கள். பம்பாய்ப் படகு வந்து நிற்கும் ரேவஸ் துறையிலிருந்து அவளை ஏற்றி வந்த குதிரை வண்டிக்காரனுக்கும் தெரு முனைக்கு வந்தபிறகுதான் நாள் நினைவு வந்திருக்க வேண்டும். பெட்டியை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

நான் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. காலையில் தலைசுற்றி விழுந்ததால் என்னை மட்டும் வீட்டில் விட்டு எல்லாரும் ஜெப ஆலயத்துக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிறத் தொப்பி, வெயிலுக்குப் பொருந்தாத கம்பளிக் கோட்டு, கையில் ஒரு காகிதம். பாதி வீடுகளில் ஆளே இல்லை. இருந்த வீடுகளில் திறக்க வழியில்லை. என் கதவையும் தட்டினாள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பிறகு அவள் தெரு நடுவில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கதவு விடாமல் எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பொழுது இறங்கியது. ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றதைப் பார்த்தேன். கப்பலில் நாள் கணக்கை விட்டுவிட்டாளாம். அன்று என்ன நாள் என்று அந்தக் கொம்பு ஊதித்தான் அவளுக்குத் தெரிந்தது. இதைப் பல வருடம் கழித்துச் சொன்னாள்.

வெள்ளை வெள்ளையாக நூறு பேர் தெருவில் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் ஊர்ப்பெரியவர் ஹஸ்கேல்ஜி. அவருக்குப் பின்னால், ஜெப ஆலயத்தில் வேதம் ஓதும் சம்ஷோன்ஜி. பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காகிதத்தை அவர் வாங்கிப் பார்த்தார். பம்பாயில் அகதிகளுக்கு உதவும் சங்கம் கொடுத்த கடிதம். வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதப் பெண், பிரசவம் பார்க்கப் படித்தவள், தள்வாடி மருந்தகத்துக்கு அனுப்புகிறோம் என்று இருந்தது.

“இந்த நாள்ல வண்டி ஏறி வந்திருக்கா. இவ யூதச்சியா? சங்கத்துக்காரங்க யாரை ஏமாத்தறாங்க?” என்றார் ஹஸ்கேல்ஜி.

“பசிக்குதான்னு கேளுங்க மொதல்ல,” என்றாள் அவர் மனைவி.

“நமக்கும்தான் பசிக்குது. அத்தாட்சி இருக்கான்னு கேளு.”

சம்ஷோன்ஜி இங்கிலீஷில் கேட்டதும் அவள் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினாள். முதல் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஓர் எழுத்து. அது யூதர் என்பதற்கான அடையாளம் என்று அவளிடம் கேட்டுச் சம்ஷோன்ஜி சொன்னதும் ஹஸ்கேல்ஜியின் முகம் மாறிவிட்டது.

“சர்க்கார் முத்திரையா? நல்லாப் பாரு.”

“சர்க்கார் முத்திரைதான், ஹஸ்கேல்ஜி. கழுகுப் படம்கூடப் போட்டிருக்கு.”

“அடேயப்பா! அந்த ஊர்ல நம்மாளுங்களுக்கு எவ்வளவு மரியாதை பாத்தீங்களா? பம்பாய்ல இருக்கற பாக்தாத் யூதனுங்க இன்னிக்கும் நம்மளப் பாத்து நீயெல்லாம் யூதனான்னு கேக்கறானுங்க. இவளை எவனாவது கேக்க முடியுமா?”

“பேரு என்ன போட்டிருக்கு?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

சம்ஷோன்ஜி விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். முதல் சொல்லில் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாவது சொல்லில் அவர் முகம் மலர்ந்தது. “சாரா!”

“நம்ம ஆபிரகாம் பெண்டாட்டி பேரு!”

“இந்த நாள்ல சாரா வந்திருக்கா பாருங்கடி!”

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருத்தி அவள் பெட்டியைத் தூக்கினாள், இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒவ்வொரு முகமாகத் திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாயி என்போம். ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்தால் குடும்பப் பெயர். அன்றிரவு நோன்பு முடிக்க உட்கார்ந்தபோதே அவள் சாராதாயி தள்வாட்கர் ஆகிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து என் மகள் நவோமி கால் முன்னால் வந்தாள். எங்கள் தெருவில் சாராதாயி கையில் பிறந்த முதல் குழந்தை அவள்தான். “கை கழுவினியா?” என்பதுதான் சாராதாயி முதலில் கற்ற மராத்தி. மாமனார், மாமியார், மருந்து கொண்டுவருபவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவர், யாராக இருந்தாலும் அதே கேள்விதான். ஒரு வருடத்துக்குள், அவளைத் தெருவில் கண்டால் ஆண்கள் வணக்கம் சொல்வதற்குப் பதில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். அரிசி பாக்ரி ரொட்டியை முள்கரண்டியால் குத்தித் தின்பாள். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பை முதலில் மோந்து பார்த்தவள், பிறகு என் வீட்டுச் சட்டியை வழித்தெடுக்கும் அளவுக்கு வந்தாள்.

என்னைப் போல அதிகம் பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நேரம் கிடைக்கும். யாராவது சாராதாயி என்று கூப்பிட்டால் அவள் உடனே திரும்பமாட்டாள். ஒரு மூச்சு விட்டபிறகுதான் திரும்புவாள். காது மந்தம் என்றார்கள் தெருவில். காது மந்தமானவளுக்கு, மூன்று வீடு தள்ளி அழும் குழந்தை பசிக்கு அழுகிறதா, வயிற்றுவலிக்கு அழுகிறதா என்று எப்படித் தெரியும்? நான் இதை மனதில் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது எல்லார் வீட்டிலும் பெட்டிகளைத் திறந்து துணிமணிகளை வெயிலில் போட்டோம். அவளுக்கு மருந்தகத்தில் வேலை. அவள் பெட்டியையும் நானே உலர்த்தினேன். கடவுச்சீட்டு ஈரத்தில் ஊதியிருந்தது. விரித்துப் பாயில் வைத்தபோது பெயர் எழுதிய வரியைப் பார்த்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் மராத்தி. அந்த எழுத்துகள் எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று சொற்களில் நடுச் சொல் மட்டும் ஈரத்தில் கரைந்து பரவியிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மையும் வேறு, எழுதிய கையும் வேறு.

நான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்து, அவள் வந்ததும் காட்டினேன்.

“போகட்டும்,” என்றாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். “ஹெட்விக். அது நான். லோபல். அது எங்க அப்பா. நடுவுல இருக்கறது சாரா. அது என் பேரு இல்ல.”

“அப்புறம் யாரு பேரு?”

“யார்கிட்டயும் சொல்லாத, ரிப்கா.”

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவளுக்கு வியன்னாவில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். போல்டி என்ற தம்பியைப் பதினாலு வயதில், பாலஸ்தீனத்துக்குப் போன பிள்ளைகள் கூட்டத்தோடு ரயிலேற்றிவிட்டிருந்தார்கள். பெற்றோரிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இரண்டு வரிச் செய்திகள் வரும். பம்பாய்ச் சங்கத்தின் ஆள் அவற்றைக் கையோடு கொண்டுவந்து கொடுப்பார். 1942-க்குப் பிறகு அதுவும் நின்றது. போர் முடிந்ததும் அந்த ஆள் கடைசியாக ஒருமுறை வந்தார். பெற்றோரை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை என்றார். தம்பியைப் பற்றித் தகவல் இல்லை, ஆனால் உறவினரைத் தேடுகிற அலுவலகங்களுக்கெல்லாம் தள்வாடி முகவரியைக் கொடுத்திருக்கிறோம், இனி கடிதம் வந்தால் நேராக இங்கேதான் வரும் என்றார். பிறகு அந்தச் சங்கத்தை மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நண்பகலில் தபால்காரன் தோண்டு தெருவுக்குள் நுழையும்போது அவள் வாசலில் நிற்பாள். பிரசவ வேலை இருந்தாலொழிய ஒருநாளும் தவறாது.

“எனக்கு?”

“இல்ல, சாராதாயி.”

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே போய்விடுவாள். இப்படி ஒன்றரை வருடம்.

1947 பிப்ரவரியில் ஒருநாள் நான் வாசற்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் சம்ஷோன்ஜி செருப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோண்டு சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டான்.

“சம்ஷோன்ஜி, நம்ம ஊர்ல சாராதாயியைத் தவிர வேற வெள்ளைக்கார மேம்சாப் யாராச்சும் ஒளிஞ்சிட்டிருக்காங்களா?”

“ஏன்டா, உனக்குப் பொண்ணு பாக்கறியா?”

“கடுதாசி வருதுங்க. இதோட மூணு. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டியிருக்கு. போஸ்ட்மாஸ்டர் ஆப்தே சாகேப் படிச்சாரு, ஹெட்விக் லோபல்னு. நானும் கோலிவாடா, பண்டாரித் தெரு, மிஷன் பங்களா எல்லாம் கேட்டாச்சு. அப்படி யாருமே இல்ல.”

“பேரா அது? வயித்துவலிக் கஷாயம் மாதிரி இருக்கு.”

“மொத ரெண்டையும் ஆள் இல்லேன்னு எழுதித் திருப்பியாச்சு. இதுவும் இன்னிக்கு மூணு மணிப் பையில போயிடும்.”

என் விரல் துருவியில் பட்டு ரத்தம் வந்தது. முதல் நாளும், அதற்கு முதல் நாளும் இதே தோண்டு அவள் வாசலில் நின்று இல்லை என்று சொன்னானே; அப்போது அந்தக் கடிதம் அவன் தோள்பையில்தானே இருந்திருக்கும்!

அவன் போய்விட்டான். நான் சாராதாயி வீட்டுக்கு ஓடினேன். ஆள் இல்லை. காலையிலேயே கோலிவாடாவுக்கு அப்பால் உப்பளத்தில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். நடந்து போனால் ஒரு மணி நேரம். சத்தியம் செய்திருந்தது ஒருபக்கம். இன்னொரு பக்கம், நான் அதுவரை முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருவரிடம் நேராக நின்று பேசியதில்லை. கடையில்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் ஆப்தே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்னம்மா?”

“அந்தக் கடுதாசி... அது எங்க சாராதாயிக்கு வந்தது.”

“எந்தக் கடுதாசி?”

பெயரைச் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

“சாராதாயி சாரா. இது ஹெட்விக். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கா? யாருக்கு வந்ததோ அவங்க அத்தாட்சியோட வந்து கையெழுத்துப் போடணும். பை மூணு மணிக்குக் கட்டிடுவேன். விதி.”

எனக்கு வாதாடத் தெரியாது. மூலையில் பை கிடந்தது, வாய் இன்னும் கட்டவில்லை. நான் போய் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏம்மா! சர்க்கார் பை அது! தெரியுதா?”

“தெரியுது.”

“எந்திரி.”

“அவங்க உப்பளத்துலேர்ந்து வந்ததும் எந்திரிக்கறேன்.”

“தோண்டு! போடா, அந்த நர்சம்மாவைக் கூட்டிட்டு வா. போறப்பவே இவங்க தெருப் பெரியவரையும் வரச் சொல்லு. என்ன பொம்பளைடா இது!”

அரைமணியில் பாதித் தெரு தபால் ஆபீசுக்குள் வந்துவிட்டது. ஹஸ்கேல்ஜி கைத்தடியோடு நின்று என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன். கடவுச்சீட்டு வேண்டும், பெட்டியில் மேலாக இருக்கிறது, பூட்டு இல்லை என்று மட்டும் சொன்னேன். யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தோண்டுவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சாராதாயி வந்தாள். முழங்கை வரை சோப்பு வாசனை.

“தாயி, நான் சொல்லிட்டேன்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு ஆப்தேயின் மேசை மேல் இருந்த உறையைப் பார்த்தாள். கையெழுத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள் போலிருக்கிறது.

ஆப்தே உறையையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஹெட்விக், சரி. லோபல், சரி. நடுவுல என்ன இது, கரைஞ்சு போயி... சாரா? உறைமேல சாரா இல்லையே?”

“அது என் பேரு இல்ல,” என்றாள். “எங்க ஊர் சர்க்கார் வெச்சது. எனக்கு மட்டும் இல்ல, எங்க அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக் கிழவிக்கு, எல்லா யூதப் பொம்பளைக்கும் அதே பேரு. காகிதத்தைப் பாத்ததும் யாருன்னு தெரியணும்னு. மாட்டுக்குச் சூடு போடற மாதிரி. அந்தச் சிவப்பு எழுத்தும் அதுக்குத்தான்.”

அவள் வந்த அன்று விளக்கொளியில் படித்த சம்ஷோன்ஜியின் தலை தாழ்ந்திருந்தது. “மொதப் பேரு வாயில நுழையல,” என்றார். “ரெண்டாவது நம்ம பேரா இருந்துச்சு. அதான்...”

“அதை மரியாதைன்னு நெனச்சேனே நான்!” என்றார் ஹஸ்கேல்ஜி. தடியைத் தரையில் குத்தினார். “எட்டு வருஷமா அந்தச் சண்டாளனுங்க வெச்ச பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டிருக்கோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பொண்ணே?”

அவள் கடவுச்சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அங்க அந்தப் பேரைப் படிச்சவங்க யாரும் சிரிச்சதில்ல. பாத்துட்டு ஒதுங்கி நில்லுன்னு கையைக் காட்டுவாங்க. இங்க நீங்க படிச்சிட்டு எல்லாரும் சிரிச்சீங்க. என் பெட்டியைத் தூக்கினீங்க. இல்லேன்னு சொன்னா, பெட்டியைக் கீழ வெச்சிடுவீங்களோன்னு பயம். அப்புறம், பழகிப்போச்சு. தபால்காரனுக்கு வேற பேரு தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“நான் உங்க வாசல்லயே நின்னு இல்லேன்னு சொன்னேனே, தாயி,” என்று தோண்டு விம்மினான்.

ஆப்தே கையெழுத்துப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். “இங்க போடுங்க.”

கடிதம் போல்டியிடமிருந்துதான். உயிரோடு இருந்தான். பாலஸ்தீனத்தில் ஒரு பண்ணையில் பால்வண்டி ஓட்டுகிறானாம். அவள் நின்றபடியே மராத்தியில் எங்களுக்குப் படித்துச் சொன்னாள். இரண்டு கடிதம் திரும்பி வந்துவிட்டது, இதுவும் வந்தால் நீ இல்லை என்று முடிவு செய்து, இந்தத் தேதியை உன் நினைவு நாளாக வைத்து வருடா வருடம் விளக்கேற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தான். அந்த வரியை மட்டும் அவள் இரண்டு முறை படித்தாள்.

மணி மூன்று அடித்தது. எல்லாரும் ஆப்தேயைப் பார்த்தார்கள். அவர் ஓர் உறையும் தாளும் எடுத்து வைத்து, தன் ஊதா மைக்கூட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

“விதி?” என்று கேட்டார் ஹஸ்கேல்ஜி.

“பை மேல ஆள் உக்காந்திருக்கு. எப்படிக் கட்டறது?” என்றார் ஆப்தே. “எல்லாரும் வெளிய போங்க. அவங்க எழுதட்டும்.”

நான் மட்டும் பை மேலேயே இருந்தேன், முதுகைத் திருப்பிக்கொண்டு. பேனா கீறும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கொஞ்சம் கேட்டது.

மறுவாரம் தெருவே ஹெட்விக் என்று கூப்பிட முயன்றது. எட்விக்தாயி என்றார்கள், ஏதுவுதாயி என்றார்கள், ஹஸ்கேல்ஜி கெட்விக் என்றார். மூன்றாம் நாள் அவளே கையெடுத்துக் கும்பிட்டு, சாராதாயியே போதும் என்றாள். ஆனால் கூப்பிட்டதும் உடனே திரும்பினாள். அந்த ஒரு மூச்சுத் தாமதம் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாராவது கவனித்தார்களா என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு ஐம்பத்தொரு வருடம் இருந்தாள். எங்கள் மக்கள் ஒவ்வொரு குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். என் நவோமியும் போனாள். போல்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். 1956-இல் ஒருமுறை போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “அங்க எல்லாரும் ஹெட்விக்னு கூப்பிடறாங்க, ரிப்கா. யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சு நான் பேசாம இருந்துடறேன்,” என்று சொல்லிச் சிரித்தாள். அது மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். எழுபது வயது வரை பிரசவம் பார்த்தாள். கதவடைப்பு நாளில் எல்லாரையும் போல வெள்ளை உடுத்தி நோன்பிருப்பாள். கதவை மட்டும் அடைக்கமாட்டாள். பிரசவக்காரி வந்தால் என்ன செய்வது என்பாள். ஹஸ்கேல்ஜி இருந்தவரை சண்டை போட்டார். கடைசி வருடம் தன் வீட்டுக் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்.

1998-இல் எண்பத்தாறு வயதில் போனாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கடல் தெரியும் பக்கம் வைத்தோம். அவள் பெட்டியை நான்தான் காலி செய்தேன். போல்டியின் கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. கம்பளிக் கோட்டின் கீழே கடவுச்சீட்டு இருந்தது. ஐம்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பழுப்பேறி இருந்தன. நடுவில் ஈரத்தில் கரைந்த இடம் வெறுமையாக இல்லை. கறையில் தெரிந்த அதே எழுத்துகளின் மேல் யாரோ அந்தச் சொல்லைத் திரும்ப எழுதியிருந்தார்கள், அழகாக, அழுத்தி. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். தபால் ஆபீசின் ஊதா மை.